அழுத்தம் போதாத அக்கா

அக்காவுக்கு அழுத்தம் போதவில்லை, ஆகவே நாற்காலி கிடையாது என்று எழுதி முத்திரையும் குத்திவிட்டார்கள்.

அக்கா நர்ஸ். வயிற்றில் ஏழு மாதம். எட்டு மணி நேரமும் வார்டில் நின்றபடி வேலை. சாயங்காலம் கால் செருப்புக்குள் நுழையாது. அவள் கேட்டது ஒரு நாற்காலி. மருத்துவமனை அமைத்ததோ 'கர்ப்பிணிச் செவிலியர் மன அழுத்த நிவாரணக் குழு'. குழுவுக்கு ஆறு நாற்காலிகள் வந்தன. உறுப்பினர் ஐந்து பேர். மிச்சம் ஒன்று.

அதைக் கேட்கத்தான் போனோம். படிப்பை நிறுத்திவிட்டுச் சும்மாதானே கிடக்கிறாய் என்று அம்மா என்னையும் துணைக்கு அனுப்பியிருந்தாள்.

"மன அழுத்தம்னு எழுதியிருக்கீங்க. எவ்வளவு?" என்றார் நிர்வாக அலுவலர்.

"அதுக்கு எப்படி சார் அளவு சொல்றது?"

"நர்ஸா இருந்துகிட்டு இப்படிக் கேக்கலாமாம்மா? அழுத்தம் அளக்கத்தான் கருவி இருக்கே."

அக்காவின் கையில் பட்டையைச் சுற்றினார்கள். நூற்றுப் பத்து, எழுபது. அப்போதுதான் அந்த முத்திரை.

"சார், இது ரத்த அழுத்தம். அக்கா சொல்றது மனசு," என்றேன்.

"தம்பி, அழுத்தத்துல எந்த அழுத்தம்னு பிரிச்சுப் பார்க்க எங்களுக்கு அதிகாரம் இல்ல."

அப்புறம் அந்த நாற்காலி யாருக்கு? ஊழியர் அனைவரையும் அளந்து, அழுத்தம் அதிகமுள்ளவருக்கே வழங்குவதென்று குழு ஒருமனதாகத் தீர்மானித்தது. அளப்பது யார்? நர்ஸ். எந்த நர்ஸ்? எதிரே நிற்கிற நர்ஸ்.

அக்கா நின்றபடியே நாற்பத்து மூன்று கைகளை அளந்தாள். கணக்குப் பிரிவுக்காரர் மாடிப்படி ஏறி இறங்கி வந்து கையை நீட்டினார். சமையல்காரர் மூச்சை அடக்கி நின்றார். மறைப்பானேன், வரிசையில் நானும் நின்றேன். ஊழியர் இல்லையென்று தள்ளிவிட்டார்கள்.

"இவ்வளவு நேரம் நிக்கிறீங்களே, கால் வலிக்கலையா?" என்றாள் அக்கா.

"வலிக்குது சிஸ்டர். அதுக்குத்தானே நாற்காலி."

கடைசிக் கை அலுவலருடையது. நூற்று எழுபது, நூறு. எல்லோரையும்விட அதிகம்.

"சார், முதல்ல கொஞ்சம் உட்காருங்க," என்றாள் அக்கா.

அவர் முகம் மலர்ந்தது. "பாருங்க, சிஸ்டரே சிபாரிசு பண்ணிட்டாங்க. தம்பி, அந்த நாற்காலியைத் தூக்கி என் ரூம்ல போடு. வலப்பக்கம்."

தூக்கினேன். வலப்பக்கம் அவர் அறை, இடப்பக்கம் வார்டு. அக்கா பின்னால் வந்தாள், அவள் பின்னால் வரிசையும் வந்தது.

"வலப்பக்கம், தம்பி, வலப்பக்கம்."

"கத்தாதீங்க சார், இன்னும் ஏறிடும்," என்றாள் அக்கா.

நான் இடப்பக்கம் திரும்பினேன்.