கடைசியில் இறங்கிய துரை

இனிமேல் வீட்டில் தலைமை என்னுடையது என்று நான் முடிவு செய்தது மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில். லிஃப்ட் நின்றுபோயிருந்தது. உள்ளே நானும் ஒரு புத்தகமும்தான்.

நான் லிஃப்ட் இயக்குபவன். பதினெட்டு வருஷத்தில் என் சொல்லுக்கு ஏறி இறங்கிய ஒரே ஜீவன் அந்த லிஃப்ட். அதுவும் வாரத்தில் இரண்டு நாள் கேட்காது. புத்தகம் பழைய சாகச நாவல். அட்டை போயிருந்தது; எழுதியவர் பெயரும் அட்டையோடு போயிருந்தது. ஒரு வெள்ளைக்காரத் துரை, நாற்பது கூலியாட்களோடு காடும் கடலும் தாண்டிப் போகிறார். துரை எதையும் தூக்குவதில்லை. வழி கேட்பதில்லை. விரலை நீட்டுகிறார், நாற்பது பேரும் நடக்கிறார்கள். ஒரு தீவில் கரையேறிக் கொடி நட்டு, அங்கே இருந்தவர்களுக்குக் கண்ணாடி மணி கொடுத்து நிலத்தை எடுத்துக்கொள்கிறார்.

எனக்கும் ஒரு பயணம் காத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை வீடு மாற்றுகிறோம். புது வீட்டில் இரண்டு அறை. ஒன்றில் ஜன்னல் உண்டு. இன்னொன்றில் காலண்டர் ஆணி உண்டு. நாள் முழுக்கக் கதவடைத்த பெட்டிக்குள் ஏறி இறங்குகிறவனுக்கு ஒரு ஜன்னல் பெரிய விஷயம். போன மாதமே அந்த அறை எனக்கு என்று அறிவித்திருந்தேன். என் மனைவி தையல்காரி. விளக்கு வெளிச்சத்தில் கறுப்பு நூலும் கருநீல நூலும் ஒன்றாகத் தெரிகிறது, ஜன்னல் தனக்குத்தான் வேண்டும் என்பது அவள் கட்சி.

ஞாயிறு காலை விரலை நீட்டினேன்.

"அந்த பீரோ முதல்ல."

"சரிங்க. ஒரு பக்கம் பிடிங்க."

"தலைமை தாங்குறவன் தூக்கக் கூடாது."

"ஓகோ. தலைமை உங்களுக்கு, தலைச்சுமை எனக்கா?"

"புத்தகத்துல அப்படித்தான் இருக்கு."

"எது, அந்த அட்டையில்லாததா?"

"நீ அத படிச்சியா?"

"ரெண்டு தடவ. லீவு நாள்ல நீங்க தூங்குவீங்களே, அப்ப. நல்லாத்தான் இருக்கு, துரை."

துரை என்று சொன்னது கேலியா மரியாதையா என்று, அவள் இறந்து ஆறு வருஷமான பிறகும் எனக்கு உறுதியாகத் தெரியாது. அன்று மரியாதை என்றே எடுத்துக்கொண்டேன்.

வண்டிக்காரர் சாமான்களை ஏற்றி முடித்தார். "என் பக்கத்துல ஒருத்தர்தான் உக்கார முடியும் சார்."

"நான் வர்றேன்" என்றேன். "துரைமார் எப்பவும் முன்னாலதான் போவாங்க."

"அது காட்டுல" என்றாள் மனைவி. "கப்பல் முழுகும்போது கேப்டன் எப்பங்க எறங்குவாரு?"

"கடைசியா. எல்லாரையும் அனுப்பிட்டுத்தான். அதுதான் தலைவனுக்கு அழகு."

"இந்த வீடும் நமக்கு முழுகுற கப்பல்தானே. ஆணி, பல்பு எல்லாம் சரி பார்த்து, வீட்டுக்காரர்கிட்ட சாவிய ஒப்படைக்கணும். அது கூலிக்காரி செய்யற காரியமா?"

வண்டிக்காரர் தலையாட்டினார். "அக்கா சொல்றது நியாயம் சார். பெரிய மனுஷங்கதான் அதுக்கெல்லாம் நிக்கணும்."

என் மார்பு இரண்டு அங்குலம் விரிந்தது. வண்டி கிளம்பியது. முன் இருக்கையில் அவள். அவள் மடியில் தையல் மிஷினின் தலை. தலைமை என்னிடம் இருந்தது. தலை அவளிடம் இருந்தது.

காலி வீட்டில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தேன். வீட்டுக்காரர் வர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. வந்தவர் சுவரில் இருந்த ஒவ்வொரு ஓட்டையிலும் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். பிறகு நான் பஸ் பிடித்து, யாரிடமும் வழி கேட்காமல் நடந்து, ஒரே மருந்துக்கடையை மூன்று முறை கடந்து, புது வீட்டை அடைந்தேன்.

தெருவிலேயே மிஷின் சத்தம் கேட்டது.

ஜன்னலடியில் மிஷின். அதன் பின்னால் அவள். ஜன்னல் கம்பியில் ஒரு சிவப்புத் துணி காற்றில் படபடத்தது. என் நாற்காலி அடுத்த அறையில், காலண்டர் ஆணிக்குக் கீழே இருந்தது.

"இது என்ன?"

"கொடி" என்றாள், மிதிப்பதை நிறுத்தாமல். "முதல்ல கரையேறி யார் கொடி நட்டாலும் எடம் அவங்களுக்குத்தான்."

"இந்த அறை என்னுதுன்னு போன மாசமே சொன்னேனே."

"தீவுல இருந்தவங்களும் அது தங்களுதுன்னுதான் நெனச்சிருப்பாங்க. துரை கேட்டாரா?"

முந்நூறு பக்கம் படித்திருந்தேன். அந்தத் தீவுக்காரர்களில் ஒருவராவது வாய் திறந்து பேசியதாக எனக்கு நினைவில்லை.

மிஷின் நின்றது. அவள் ஒரு டப்பாவைத் திறந்தாள். என் கையைப் பிடித்து விரித்து, சிவப்பும் பச்சையுமாக ஒரு பிடி பொத்தானை அதில் கொட்டினாள்.

"எதுக்கு?"

"நெலத்த எடுத்துக்கிட்டா கண்ணாடி மணி குடுக்கணும்ல. நம்மகிட்ட பொத்தான்தான் இருக்கு. சும்மா பிடுங்கிக்கிட்டேன்னு நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது பாருங்க."

வாங்கிக்கொண்டேன். பாதிப் பொத்தானுக்கு ஓட்டையே இல்லை.