கணுக்கால் வந்த காதை

கேபிள் கானகத்தின் காவலனே, இமைக்கும் பச்சை விளக்குகளைப் பரிவாரமாய்க் கொண்டோனே, விசைப்பலகையை வில்லாய் ஏந்திய வித்தகனே, நின் வெற்றியைப் பாட வந்தோம். எம் நா குழறாதிருக்க நீயே துணை.

இரு கட்டடங்களாய்ப் பிரிந்து கிடந்த ஒரு மருத்துவமனையின் நெட்வொர்க் பொறியாளன் அவன். பட்டப்பெயர் மின்னல். மெதுவாக என்ற சொல் காதில் விழுந்தாலே முகம் சுளிப்பவன். அவன் அக்காள் ஊர்க்கோடிக் கிளையில் எக்ஸ்ரே எடுப்பவள். அன்று முற்பகல், பல்பு மாற்ற முக்காலி ஏறி, முக்காலியோடு மண்ணைக் கவ்விய அவள் கணவர், பூசணிபோல் வீங்கிய கணுக்காலுடன் அவளது மேசைமீதே கிடந்தார். கட்டியவள் ஆயிற்றே, இடுப்பு முதல் பாதம் வரை ஒன்று விடாமல் ஒரே படமாய் எடுத்துத் தள்ளினாள். அதைப் பார்த்துச் சொல்லவல்ல எலும்பு டாக்டரோ தலைமைக் கட்டடத்தில். முறிவென்றால் அறுவைக்கு அள்ளிச் செல்ல ஆம்புலன்ஸ் கிளையின் வாசலில் உறுமி நின்றது. இரு கட்டடங்களுக்கும் இடையே இருந்தது ஒரே பாலம்: தொலைபேசி நிறுவனத்தின் கம்பிவழி அன்று காலைதான் மின்னல் அமைத்த பிரேம் ரிலே இணைப்பு.

படம் புறப்பட்டது. வந்து சேரவில்லை.

சீறி எழுந்தான் வீரன். குளிர்சாதனம் வாடையென வீசும் தலைமைக் கட்டடத்துச் சர்வர் அறையுள், நாற்காலிச் சக்கரங்கள் தேர்க்காலெனக் கிறீச்சிட, ரௌட்டரின் எதிரே போய் அமர்ந்தான். ஆணைகளைக் கணைகளாய்த் தொடுத்தான். திரையோ பிழைவரிகளைக் கல்மாரியாய்ப் பொழிந்தது. ஆயினும் அந்தக் கழுகுக்கண்ணன் கண்டுகொண்டான்: தொலைபேசி நிறுவனம் தந்த இணைப்பு எண் நூற்றெழுபது, தன் திருக்கரம் தட்டியதோ நூற்றேழு. பிறர் கண்ணில் படுமுன் திருத்தினான். விளக்கு பச்சையாயிற்று. வாகை சூட நிமிர்ந்த அந்தத் தலையை டாக்டரின் போன் தாழ்த்தியது.

"முழங்கால் வரைக்கும்தான் வந்திருக்கு. வலி கணுக்கால்லனு சொன்னாங்க."

மறுபடி அனுப்பப் பணித்தான், மறுபடியும் முழங்கால். மூன்றாம் முறை தொடையோடு நின்றது. பின்னர் அக்காள் அழைத்தாள்.

"டேய், வேகமா அனுப்புறேன்னு என்னதான்டா பண்ணி வெச்சிருக்க? உங்க மாமா வண்டியில ஏறவா வேண்டாமான்னு அரை மணி நேரமா கேக்குறாரு."

வேகம் என்ற சொல் நெஞ்சில் வேலெனத் தைத்தது. வினாடிக்கு அறுபத்து நான்கு கிலோபிட் மட்டுமே உறுதி என்று ஒப்பந்தம் சொல்லியிருக்க, அந்த எண்ணைக் கண்டு ஏளனமாய் நகைத்து, கிளை ரௌட்டரை அதைப்போல் நான்கு மடங்கு வேகத்தில் அனுப்பும்படி அமைத்தவன் அவனே. மிகுந்ததையெல்லாம் நெரிசலான அந்த இணைப்பு நடுவழியிலேயே தூக்கி எறிந்தது. எறியப்பட்டதில் மாமாவின் கால் பாதி.

அந்தோ, களத்தில் எதிரியென்று எவருமில்லை. எதிர் நின்றது தன் பட்டப்பெயரே. இங்கிருந்தபடியே கிளை ரௌட்டருக்குள் புகுந்தான். கூரையை நோக்கினான், பெருமூச்செறிந்தான், காதுமடல் சிவக்க ஆறையும் நான்கையும் அழுத்தினான். வானம் இடிந்து விழவில்லை.

படம் வந்தது. கல்யாண ஊர்வலம் போல், கர்ப்பிணி படியிறங்குவது போல், வரி வரியாய் வந்தது. தொடை தோன்றிற்று, முழங்கால் தோன்றிற்று, கெண்டைக்கால் கண்ட மின்னல் மூச்சை அடக்கினான், கணுக்கால் தன் சிற்றெலும்புகள் புடைசூழ எழுந்தருளிற்று, பெருவிரல் நுனியும் பின்தொடர்ந்தது. டாக்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, திரையோடு முகம் வைத்து நெடுநேரம் நோக்கினார். கிளையில் தம்பதியும், இங்கே வீரனும், வாசலில் ஓட்டுநரும் அவர் வாய்மொழிக்குக் காத்துக் கிடந்தனர்.

"சுளுக்குதான், கட்டு போட்டு வீட்டுக்கு அனுப்பிடுங்க."