குடும்ப நேரத்துக் கத்தரி

"தம்பி, நான் அம்பலவாணர் கதைக்கிறன். நேற்று நீர் போட்ட படத்தில அந்தப் பெடியன்ர கையில என்னத்தை மறைச்சனீர்?"

திங்கட்கிழமை காலை. வாயில் வைத்த பணிசை மெல்லக்கூட நேரம் கொடுக்காமல் போனில் கேள்வி வந்துவிட்டது. கஜேந்திரன் அவசரமாக விழுங்கினான்.

"டம்ளருங்க ஐயா."

"டம்ளருக்குள்ள என்ன?"

"சாயத்தண்ணிங்க. பால் போடாத தேத்தண்ணி."

"சாயத்தண்ணியை ஏன் காணும் மறைக்கவேணும்? சாராயம் எண்டபடியால்தானே மறைச்சனீர்? அதைக் குடிச்சுப்போட்டுத் தள்ளாடித் தள்ளாடிப் போய் ஆரோ ஒராளின்ர வீட்டுக் கதவைத் தட்டுறான். பிள்ளையள் இருந்து பாக்கிற நேரம் ஐசே இது."

போனை வைத்துவிட்டார். அம்பலவாணர் ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி. பதவிதான் ஓய்ந்ததே தவிர, மேற்பார்வை செய்யும் குணம் இன்னும் ஓயவில்லை.

கஜேந்திரனின் தொழில் படம் வெட்டுவது. பதுளை நகரில் நௌபர் நானாவின் மின்சாமான் கடைக்கு மேல்மாடியில் ஒரு கேபிள் சானல் இயங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அதில் 'குடும்ப நேரம்' என்று ஒரு தமிழ்ப் படம் போடுவார்கள். குடும்பத்தோடு பார்ப்பதால் படத்தில் யாரும் புகைக்கக் கூடாது, குடிக்கக் கூடாது, கட்டிப்பிடிக்கக் கூடாது, திட்டக் கூடாது. இதெல்லாம் இல்லாமல் படம் எடுத்தவர் எவரும் இல்லாததால்தான் கஜேந்திரனுக்கு வேலை கிடைத்தது.

கண்ணாடி டம்ளரில் மண்ணிறமாக எது தெரிந்தாலும் மறைத்துவிட வேண்டும் என்பது நௌபர் நானாவின் கட்டளை. கறுப்பாக ஒரு வட்டம் போட்டு மறைத்தான். ஆனால் தள்ளாட்டம் எங்கிருந்து வந்தது? படத்தை மறுபடி ஓட்டிப் பார்த்தான். நாயகன் சாயத்தண்ணியைக் குடித்துவிட்டு நேராக நடந்து வேலைக்குப் போனான். வழியில் ஒரு கதவுகூட இல்லை. நாம் மறைத்ததால்தான் பெரியவருக்கு இப்படியெல்லாம் தோன்றியிருக்கிறது என்று கஜேந்திரன் தன்னையே நொந்துகொண்டான்.

அடுத்த அழைப்பு தோட்டத் தலைவர் மாரிசாமியிடமிருந்து வந்தது.

"ஏம்ப்பா கஜேந்திரா, மழையிலயும் அட்டைக் கடியிலயும் நின்னு நம்மாளுக பறிக்கிற தேயில. அத மூடி மறைக்கிற அளவுக்கு என்னா கேவலம் பண்ணிருச்சு அது?"

விஷயம் நௌபர் நானாவின் காதுக்கும் போயிருந்தது. அவர் மூச்சிரைக்க மாடியேறி வந்தார்.

"தம்பி, லைசன்ஸ் புதுப்பிக்க ஈக்கி. அந்த மனுசன் கொழும்புக்கு ஒரு போன் போட்டா எல்லாம் முடிஞ்ச. இனி மறைக்க வாணாம். வெட்டி எறிங்க."

இந்த வேலைக்கு முன்பு கஜேந்திரன் கொழும்பில் ஒரு துணிக்கடையில் நின்றான். கடையிலேயே படுக்கை, தீபாவளிக்குத் தீபாவளி ஊர்ப் பயணம். அப்பா போன பிறகு அம்மா பாக்கியலெட்சுமி பக்கத்து ஊரான ஹாலிஎலவுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் தனியாக இருந்தாள். அவளோடு இருக்கலாம் என்றுதான் இந்த வேலைக்கு ஓடி வந்தான். இது போனால் மறுபடியும் அந்தத் துணிக்கடைதான். அம்மா கவலைப்படுவாள் என்று வீட்டில் இதைப் பற்றி மூச்சுக்கூட விடவில்லை.

அம்மாவோ மகனின் உத்தியோகத்தில் பூரித்துப் போயிருந்தாள். வாரநாட்களில் டவுனில் ஒரு டீச்சரம்மா வீட்டுக்குச் சமைக்கப் போவாள். ஞாயிறு மாலையில் லயத்துப் பெண்களையெல்லாம் கூட்டி வைத்துக்கொண்டு டி.வி. முன்னால் உட்கார்ந்துவிடுவாள். படம் எங்காவது ஒரு துள்ளுத் துள்ளினால், "பாத்தீங்களா, இது எம்மகன் வெட்டுனது" என்பாள். மற்றவர்கள் மகன் கட்டிய வீட்டைக் காட்டிப் பெருமைப்படுவார்கள். பாக்கியலெட்சுமிக்கு மகன் வெட்டிய இடமே போதுமாக இருந்தது.

அடுத்த வாரம் கஜேந்திரன் வெட்டினான். படத்தில் கதாநாயகியின் தாய்மாமன் கல்யாணத்துக்குக் குடித்துவிட்டு வந்தார், அதனால் கல்யாணம் போயிற்று. மழையில் பாட்டுப் போயிற்று. முதலிரவு சொல்லாமலே போயிற்று. மாப்பிள்ளை இந்த மூன்றில் மட்டும் வந்துவிட்டு வெளிநாடு போகிறவர் என்பதால், அவரும் கூடவே போய்விட்டார். மிஞ்சிய படத்தில் கதாநாயகி புத்தகப் பையோடு கல்லூரிக்குப் போனாள். மேல்மாடியில் குடியிருப்பவன் இரவல் வாங்கிய குடையைத் திருப்பிக் கொடுத்தான். அடுத்த காட்சியில் அவள் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

லயத்துப் பெண்கள் விரல்விட்டு மாதங்களை எண்ணினார்கள்.

"ஏன்டா," என்று அம்மா சோறு போடும்போது மெதுவாகக் கேட்டாள். "அந்தக் கொடக்காரன்தானே?"

"இல்லம்மா. அந்தப் புள்ளைக்குப் புருசன் இருக்காரு. அவர வெட்டிட்டேன்."

"பெத்தவகிட்டயே மறைக்கிற பாத்தியா."

"நெசமாத்தாம்மா சொல்றேன்."

"சரி, சரி. ஆபீஸ் ரகசியம்னா வச்சுக்க. நா எதுக்குக் கேக்கப் போறேன்." அவள் இன்னும் ஒரு கரண்டி பருப்பை ஊற்றினாள். மகனின் முகத்தைப் பார்த்தாலே தனக்கு எல்லாம் புரிந்துவிடும் என்பது அவள் நம்பிக்கை.

திங்கட்கிழமை அம்பலவாணர் தவறவில்லை.

"உமக்கு வெக்கமில்லையே? குடை திருப்பிக் குடுக்க வந்தவன் கடைசியில பிள்ளைக்குத் தன்ர பேரையே வைச்சிட்டானே."

"ஐயா, படத்துல பேர் வைக்கிற சீனே கெடையாதுங்க."

"நான் ஆதாரமில்லாமல் கதைக்கிற ஆளில்லை."

கஜேந்திரன் படத்தை இரண்டு தரம் ஓட்டினான். கடைசி வரை குழந்தைக்குப் பெயரே இல்லை. பாவம், பெரியவர் எந்த அளவுக்கு மனம் குழம்பியிருந்தால் இப்படிச் சொல்லுவார் என்று அவனுக்கு இரக்கமாகக்கூட இருந்தது.

"வெட்டவும் வாணாம்," என்றார் நௌபர் நானா. "படம் முழுசா ஓடட்டும். கெட்ட பேச்சு வார இடத்தில சத்தத்த மட்டும் நிப்பாட்டுங்க."

அந்த வாரப் படத்தில் வில்லன் மரியாதை தெரிந்தவன். மொத்தப் படத்திலும் ஒரே ஒரு தடவைதான் கோபப்பட்டு, தன் கணக்குப்பிள்ளையைப் பார்த்துக் "கழுதை" என்றான். கஜேந்திரன் அந்த ஒரு சொல்லின் சத்தத்தை எடுத்தான். வில்லனின் வாய் திறந்து மூடியது. கணக்குப்பிள்ளை அழுதார்.

கழுதை என்று கேட்டிருந்தால் லயம் கொட்டாவி விட்டிருக்கும். ஒன்றும் கேட்காததால் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஆளுக்கொரு சொல்லை அந்த இடத்தில் வைத்துப் பார்த்தார்கள். உதட்டசைவுக்குக் கொஞ்சமும் பொருந்தாத சில சொற்களுக்குத்தான் ஆதரவு அதிகமாக இருந்தது. கணக்குப்பிள்ளை அழும் அழுகைக்குத் தகுந்த சொல்லாக இருக்க வேண்டும் என்று பாக்கியலெட்சுமி தீர்ப்புச் சொன்னாள். அவள் சொன்ன சொல்லைக் கேட்டுப் பக்கத்துக் காம்பரா வீட்டு விஜயலெட்சுமி காதைப் பொத்திக்கொண்டாள்.

"அந்தச் சொல்லை என்ர வாயால நான் சொல்லமாட்டன்," என்றார் அம்பலவாணர் போனில்.

"ஐயா, அங்க சத்தமே இல்லைங்களே."

"சத்தமில்லாட்டில் எனக்குத் தெரியவராது எண்டு நினைச்சீரோ? முப்பது வருசம் கல்விக் கந்தோரில இருந்தனான். உந்த மாதிரிச் சொல் என்ர காதில ஒருநாளும் விழுந்ததில்லை."

"அது கழுதைங்க ஐயா."

"ஆரைக் காணும் கழுதை எண்டுறீர்?"

இந்த உரையாடலுக்குப் பிறகு கஜேந்திரன் மத்தியானச் சாப்பாட்டைத் தொடவில்லை.

மறைத்தாலும் குற்றம், வெட்டினாலும் குற்றம், ஊமையாக்கினாலும் குற்றம். கத்தரியே படாத படம் ஒன்று வேண்டும். தேடித் தேடி ஒரு நாய்ப் படத்தைப் பிடித்தான். அதில் நாய்க்குக் காலில் அடிபடுகிறது, வீட்டுக்காரப் பெண் அதை மிருக வைத்தியரிடம் கொண்டுபோகிறாள், நாய் குணமாகிறது. காதல் கிடையாது, சிகரட் கிடையாது. நாய்கூடத் தண்ணீர்தான் குடித்தது. அதுவும் தட்டில்.

ஞாயிற்றுக்கிழமை படம் வெட்டுப்படாமல், தங்கம் போல ஓடியது. ஹாலிஎலப் பக்கம் மட்டும் மழைக்கு மரம் விழுந்து பாதிப் படத்துக்குக் கரண்ட் இல்லை. பதுளை டவுனில் லைட் ஒரு தரம் சிமிட்டக்கூட இல்லை. அம்பலவாணர் வீடு டவுனில்தானே என்று கஜேந்திரன் நிம்மதியாகத் தூங்கினான்.

மறுநாள் போன் அடித்தது.

"நாயைச் சாட்டு வைச்சுக்கொண்டு அந்தப் பெட்டை மிருக வைத்தியரிட்டை எதுக்குக் காணும் அடிக்கடி போறவள்?"

"நாய்க்கு மருந்து கட்டங்க ஐயா."

"நாய்க்குக் கால் சுகமாகி எவ்வளவு நாள்? வைத்தியற்றை பெண்சாதி வந்து வாசலில நிண்டு அழேக்கை எனக்கே நெஞ்சு பதறிப்போச்சு. நான் இனி உம்மோட கதைக்கமாட்டன். கொழும்போட கதைக்கிறன்."

வைத்தியருக்குப் பெண்சாதியே இல்லை. தாடிதான் இருந்தது. கஜேந்திரன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

நௌபர் நானா இந்த முறை மாடியேறவில்லை. அவனைக் கீழே கூப்பிட்டார். அவருக்கும் முகம் வாடித்தான் இருந்தது.

"தம்பி, நீங்க நல்ல புள்ள. எனக்குத் தெரியும். ஆனா லைசன்ஸ் போனா நான் எங்க போற? இண்டைக்கே அந்த மனுசன்ட வீட்டுக்குப் போங்க. காலப் புடிச்சி சரி சமாதானம் பண்ணுங்க. அவர் கொழும்புக்குப் பேசிட்டாருண்டா, நாளைக்கு நீங்க வர வாணாம்."

கஜேந்திரன் ஒரு சீப்புக் கோழிக்கூட்டு வாழைப்பழம் வாங்கிக்கொண்டான். லைன் இழுக்கிற ஹபீஸிடம் வீட்டுக்கு வழி கேட்டான். "அந்தப் பெரியவர் வீடா? நான் லைன் குடுத்ததாவே ஞாபகம் இல்லியே" என்று தலையைச் சொறிந்தபடி ஹபீஸ் வழி சொன்னான்.

அம்பலவாணரின் மனைவி கமலாதேவி கதவைத் திறந்தார். பின்னேரம் நான்கு மணி இருக்கும்.

"கேபிள் ஆபீஸ்ல இருந்து வாறேங்கம்மா. ஐயாவப் பாக்கணும்."

"அவர் கோயிலுக்குப் போட்டார் தம்பி. வாற நேரந்தான், இருங்கோ."

உட்கார்ந்தான். எப்படிக் கும்பிடுவது, எதை முதலில் சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தான். கமலாதேவி ஒரு தட்டில் தேங்காய் ரொட்டியும் கட்டைச்சம்பலும் கொண்டுவந்து வைத்தார்.

"மத்தியானம் சுட்டது. சாப்பிடுங்கோ. முகம் வாடிக் கிடக்கு."

ஒரு வாய் வைத்ததும் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. ரொட்டி அச்சு அசல் அம்மா சுட்டது போலவே இருந்தது. நாளைக்குக் கொழும்புக்குப் பஸ் ஏறினால் இந்த ருசி அடுத்த தீபாவளிக்குத்தான். பெரியவர் வருவதற்குள் ஏதாவது உதவி செய்து இந்த வீட்டில் நல்ல பெயர் வாங்கிவிட வேண்டும் என்று எழுந்தான்.

"அம்மா, ஐயா வாறதுக்குள்ள லைன ஒருக்கா செக் பண்ணிடுறேன். படம் சரியாத் தெரியாமத்தான் ஐயாவுக்குச் சந்தேகம் வருது போல. டி.வி. எந்த ரூம்ல இருக்குங்க?"

"ரீவீயோ? பிள்ளையளைப் பழுதாக்கும் எண்டு அவர் இந்த வீட்டுக்குள்ள ஒரு நாளும் அதை எடுக்கவிடேல்லைத் தம்பி."

கஜேந்திரன் கையில் ரொட்டியோடு அப்படியே நின்றான்.

"அப்ப ஐயா ஒவ்வொரு வாரமும் படம் எப்படிங்க பாக்கிறாங்க?"

கமலாதேவி சிரித்தார். "பாக்கிறதோ? இந்த ரொட்டி சுட்ட பாக்கியலெட்சுமி திங்கக்கிழமையில வந்து சொல்லுற கதையைத்தான் கேக்கிறவர். அவவின்ர மகன்தானாம் அங்க படம் வெட்டுறவர், வெட்டி எறிஞ்ச துண்டையெல்லாம் ஒண்டும் மறைக்காமல் தாயிட்டை வந்து சொல்லிப்போடுவாராம்."