வாசலில் ஓர் ஆரஞ்சுக் கூம்பு

காலை ஏழரை மணி. மெர்வ் டக்வெல் தன் வீட்டு வாசலில் நின்ற காருக்குள் உட்கார்ந்துகொண்டு, அதை எடுப்பதா வேண்டாமா என்று கால் மணி நேரமாக யோசித்துக்கொண்டிருந்தார்.

எட்டு மணிக்கு மேல் ஹார்கஸ் தெருவில் இரண்டு மணி நேரம்தான் கார் நிறுத்தலாம். குடியிருப்பவர்களுக்கு அனுமதிச் சீட்டு உண்டு. மெர்வுடைய சீட்டு காலாவதியாகி மூன்று வாரம் ஆகிறது. புதுச் சீட்டு 'பரிசீலனையில்' இருக்கிறது. நாற்பத்தொரு வருஷம் கார் ஓட்டி ஒரு அபராதம்கூட வாங்காதவர் என்ற பெருமை அவருக்கு உண்டு. ஆக, காரை எடுத்தாக வேண்டும். எடுத்த மறு நிமிஷம், முனைக் கடைக்குக் காப்பி குடிக்க வருகிற யாராவது அந்த இடத்தில் நுழைந்துவிடுவார்கள்.

அந்த இடம் அன்றைக்குப் போகக் கூடாது. இடுப்பு மூட்டு மாற்றிப் பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்த அவர் மனைவி ரேவின், இரண்டு மணிக்கு வீட்டுக்கு வருகிறாள். ஊன்றி நடக்கிற நாலுகால் கைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு இருபது காலடி நடக்கலாம், அதற்கு மேல் ஒன்றுகூடக் கூடாது என்று அங்கிருந்த நர்ஸ் விரலை ஆட்டிச் சொல்லியிருந்தாள். வீட்டு கேட்டிலிருந்து கதவு வரைக்கும் மெர்வ் எண்ணிப் பார்த்துவிட்டார். பதினேழு.

காரைக் கொண்டுபோய் மேட்டுத் தெருவில் விட்டுவிட்டு, மூச்சிரைக்க ஓடி வந்து, கொட்டகையிலிருந்து, சாலை வேலைக்கு வைக்கிற ஓர் ஆரஞ்சுக் கூம்பை எடுத்து வாசலில் வைத்தார். ஆக்லாந்தில் நாங்கள் யாரும் கூம்பைக் காசு கொடுத்து வாங்கியதில்லை. ஆனால் கூம்பு இல்லாத கொட்டகையும் இல்லை. பொதுத் தெருவில் சொந்தமாகக் கூம்பு வைப்பது குற்றம் என்று ஒரு விதி இருக்கிறது. விதிகளை மதிக்கிற மெர்வ் அந்த ஒன்றை மட்டும் படிக்கவில்லை.

ஐந்து நிமிஷத்தில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. உள்ளே இருந்த பெண் கண்ணாடியை இறக்கினாள்.

"என்ன வேலை நடக்குது?"

மெர்வுக்குப் பொய் பழக்கமில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னார். "குழாய்."

"எந்தக் குழாய்?"

"தண்ணிக் குழாய்."

கார் போய்விட்டது. ஆனால் எதிர்வீட்டு லெசியேலி காதில் அது விழுந்துவிட்டது. டோங்கா தீவுக்காரி, சர்ச் பாடகர் குழுவுக்குத் தலைவி, தெருவில் யார் தும்மினாலும் சூப்போடு வந்து நிற்பவள்.

"மெர்வ், தண்ணிய எப்ப நிறுத்துறாங்க?"

"நிறுத்தல."

"பின்ன எதுக்குக் கோன் வெச்சிருக்கீங்க?"

உண்மையைச் சொல்லிவிடலாம்தான். ஆனால் ரேவின் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள், நான் வருவது லெசியேலிக்குத் தெரியக் கூடாது, தெரிந்தால் முப்பது பேர் பாட்டோடும் பாத்திரத்தோடும் கேட்டில் நிற்பார்கள், நான் முதலில் ஒரு நாள் தூங்க வேண்டும் என்று.

"சும்மா, ஒரு முன்ஜாக்கிரதைக்கு," என்றார் மெர்வ்.

"ஓஹோ," என்றாள் லெசியேலி. அதை அவள் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "ஒத்தக் கோனுக்கு யாரு பயப்படுவா? இருங்க, என்கிட்ட ஒண்ணு இருக்கு."

இரண்டாவது கூம்பை வைத்துவிட்டு வீட்டுக்குள் போன லெசியேலி, முதலில் தன் குளியல் தொட்டியை நிரப்பினாள். பிறகு தெருவில் எல்லோருக்கும் போன் செய்தாள். நாற்பது வீட்டில் நாற்பது தொட்டி, வாளி, குண்டான் என்று ஒரே நேரத்தில் நிரம்ப ஆரம்பித்தன.

ஒன்பது மணிக்கு மெர்வ் முகத்தில் சவர நுரையைப் பூசிக்கொண்டு குழாயைத் திறந்தார். நூல்போல் வந்தது. ஒரு கன்னம் வழிப்பதற்குள் அதுவும் நின்றது. ரேவின் வருகிற நாளில் வீட்டில் தண்ணீர் இல்லையென்றால் எப்படி? பாதி நுரையோடு தண்ணீர்க்காரர்களுக்குப் போன் போட்டார்.

"ஹார்கஸ் தெருவா? உங்களோட சேர்த்துப் பதிமூணு பேர் கூப்பிட்டாச்சு. அங்கதான் வேலை நடக்குதாமே?"

"எந்த வேலையும் நடக்கலியே."

"கோன் இருக்கா இல்லியா?"

மெர்வ் ஜன்னல் வழியாகப் பார்த்தார். "இருக்கு."

"அப்போ நடக்குது," என்று சொல்லி எதிர்முனை வைத்துவிட்டது.

தான் வைத்த கூம்பைத் தானே சந்தேகமாகப் பார்த்துக்கொண்டு நின்றார் மெர்வ். ஒருவேளை நிஜமாகவே ஏதாவது நடக்கிறதோ?

இத்தனை பேர் போன் செய்ததன் பலனாக, பத்து மணிக்குத் தலையில் மஞ்சள் விளக்கு சுற்ற ஒரு சாலைப் பாதுகாப்பு லாரி வந்தது. வைரேமு என்ற மேஸ்திரி இறங்கினார், மாவோரிக்காரர், நிதானமான மனிதர். கூட லோசா என்ற சமோவாப் பெண், ஒரு பக்கம் 'நில்', மறுபக்கம் 'மெதுவாக' என்று எழுதிய பலகையை ஊன்றிக்கொண்டு இறங்கினாள். வைரேமு இரண்டு கூம்புகளையும் சுற்றிச் சுற்றி வந்தார்.

"இத வெச்சது யாரு? எந்தக் கம்பெனி? கொஞ்சமாவது அறிவு வேண்டாமா? ரெண்டே ரெண்டு கோன், அதுவும் நேரா. தெரியாம ஒருத்தன் வந்து மோதினா என்ன ஆகும்?"

"எடுத்துடலாமே," என்றார் மெர்வ் ஆவலோடு.

"எடுக்கறதா? என்ன அங்கிள் பேசறீங்க. அடுத்தவன் கோன நாங்க தொடக் கூடாது. அதுக்குப் பாதுகாப்புதான் குடுக்க முடியும்."

பாதுகாப்பு என்றால் சாய்வாகப் பதினான்கு கூம்பு. அந்தப் பதினான்குக்கும் பாதுகாப்பாக ஒரு லாரி. அந்த லாரியைச் சரியாக மெர்வின் கேட்டுக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

"வேற எங்கயாச்சும் நிறுத்தக் கூடாதா?"

"கோன் எங்கயோ லாரி அங்க."

மெர்வ் உள்ளே போனார், வெளியே வந்தார். மறுபடி உள்ளே போனார். பிறகு வந்து, வேலை முடிந்துவிட்டதாகத் தனக்குச் செய்தி வந்திருக்கிறது என்றார்.

வைரேமுவின் புருவம் உயர்ந்தது. "முடிஞ்சுதா? அத ஏன் முதல்லயே சொல்லல? முடிஞ்ச வேலைன்னா இன்ஸ்பெக்டர் வந்து பாக்கணும். அவர் பாக்கற வரைக்கும் எதிர்ப்பக்கமும் அடைக்கணும். லோசா, இன்னொரு பத்து எறக்கு."

மணி பன்னிரண்டரை. லெசியேலி ஒரு தட்டு நிறையச் சேப்பங்கிழங்கும் கோழியும் கொண்டுவந்து லாரி ஆட்களுக்குப் பரிமாறினாள். இவ்வளவு நல்ல ஆட்களைத் தண்ணீர் நிறுத்த அனுப்பியிருக்கிறார்களே என்று வருத்தப்பட்டாள். அவர்கள் சாப்பிடுகிற நேரம் பார்த்து, மெர்வ் ஒரு கூம்பைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு நடந்தார். மெலிந்த மனிதர், திடீரென்று ஏழு மாதக் கர்ப்பம்போல் இருந்தது.

"அங்கிள்," என்றாள் லோசா, கோழியைக் கடித்தபடியே. "அத எடுத்த எடத்துல வெச்சுடுங்க. கோன நகத்தினா கேஸ் ஆயிடும்."

மெர்வ் வைத்துவிட்டார். இனி மறைத்துப் பயனில்லை என்று தோன்றியது. குரலைத் தாழ்த்தி, லெசியேலி காதில் விழாமல் வைரேமுவிடம் பாதி உண்மையைச் சொன்னார். "ரெண்டு மணிக்கு ஒரு ஆஸ்பத்திரி வண்டி வருதுப்பா. அதுக்கு இந்த எடம் வேணும்."

வைரேமு சட்டென்று எழுந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "ஆஸ்பத்திரி வண்டியா? உயிர் விஷயமாச்சே. இத முதல்ல சொல்ல வேண்டாமா? லோசா, தெருவோட ரெண்டு முனையையும் மூடிரு. ஒரு வண்டி உள்ள வரக் கூடாது. ஆஸ்பத்திரி வண்டிக்கு வழி வேணும்."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்த கதையை மெர்வ் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரியின் சின்ன வேன் தெருமுனைக்கு வந்தது. லோசா பலகையைத் திருப்பினாள். நில்.

"தெரு மூடியிருக்கு. ஆஸ்பத்திரி வண்டி வருது."

"நான்தாம்மா ஆஸ்பத்திரி வண்டி," என்றார் டிரைவர்.

"சைரன் இல்ல, சிவப்பு விளக்கு இல்ல. சாதாரண வேன் மாதிரில்ல இருக்கு."

"சாதாரண வேன்தான். இவங்களுக்கு நடக்க முடியாது, அவ்வளவுதான்."

"அப்ப சுத்திப் போங்க."

"சுத்திப் போய்ட்டுத்தான் வரேன். அந்த முனையும் மூடியிருக்கு."

மெர்வ் தன் கேட்டிலிருந்து இதைப் பார்த்தார். வேனின் பின்ஜன்னலில் ரேவினின் நரைத்த தலை தெரிந்தது. பத்து நாளில் பாதியாகிப் போயிருந்தாள். கதவு திறந்தது. அவள் கைச்சட்டத்தைக் கீழே இறக்க முயல்வது தெரிந்தது. நடந்தே வந்துவிடலாம் என்று நினைத்துவிட்டாள். அவளைப் பற்றி அவருக்குத் தெரியாதா? அங்கிருந்து வீட்டுக்கு முந்நூறு காலடி.

"எறங்காதே, ரேவின்," என்று கத்திக்கொண்டே தெரு நடுவில் ஓடினார். கூம்புகள் இடறி உருண்டன. லோசாவின் முன்னால் போய் நின்றபோது மூச்சு வாங்கியது. முகத்தில் ஒரு பக்கம் இன்னும் சவரம் ஆகாமலே இருந்தது.

"நான்தான் வெச்சேன்," என்றார். "முதல் கோன் நான்தான் வெச்சேன். குழாயும் இல்ல, வேலையும் இல்ல, ஒண்ணும் இல்ல. இவ எறங்க ஒரு எடம் வேணும்னு வெச்சேன். என்ன கேஸ் வேணாலும் போடுங்க. இந்த வண்டிய மட்டும் உள்ள விடுங்க."

பின்னாலேயே ஓடி வந்திருந்த லெசியேலி தட்டோடு அப்படியே நின்றாள். கூட வந்த வைரேமு தொப்பியைக் கழற்றினார். அவர் என்ன நினைத்தார் என்று முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. திரும்பிப் போய்க் கூம்புகளை ஒதுக்கிவிட்டு, லாரியை ஓட்டிப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினார். லோசா பலகையைத் திருப்பினாள்.

வேன் கேட்டை ஒட்டி நின்றது. காலையிலிருந்து மெர்வ் காத்துக் கிடந்த அந்த இடத்தில் ரேவின் இறங்கினாள். மெர்வ் அவளுடைய கைச்சட்டத்தை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார். பதினேழு என்று எண்ணியது பத்தொன்பது ஆனது. அவளுடைய காலடி இப்போது சின்னதாகிவிட்டிருந்தது. அதை நினைத்து மெர்வுக்குக் கண் கலங்கியது. நாற்காலியில் உட்கார்ந்ததும் ரேவின் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"யாருக்கும் தெரியக் கூடாதுன்னுதானே சொன்னேன்?"

"தெரியாமத்தான் பண்ணேன்," என்றார் மெர்வ்.

அவளுக்குத் தேநீர் போடத் தண்ணீரை லெசியேலியின் தொட்டியிலிருந்து வாங்கிக்கொண்டு வரும்போது, லோசா கேட்டருகே நின்றிருந்தாள். மெர்வ் தயங்கித் தயங்கி அவளிடம் போனார். ஜெயிலா, கோர்ட்டா, என்ன வரப் போகிறதென்று தெரியவில்லை.

"ரொம்பத் தப்புதாம்மா. உங்களையெல்லாம் ஒரு நாள் முழுக்க இல்லாத வேலைக்கு நிக்க வெச்சுட்டேன். எப்பவும் எப்படி, தோண்டி முடிச்சுட்டு நீங்களே எல்லாத்தையும் எடுத்துருவீங்களா?"

லோசா பலகையைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"ஆறு வருஷமா இந்த ஊர் பூரா கோன் வெச்சுட்டு இருக்கேன் அங்கிள், ஒரு எடத்துலயும் யாரும் வந்து தோண்டி நான் பாத்ததில்ல, முதல் கோன் வெச்ச ஆளையே இன்னிக்குத்தான் பாக்கறேன்."