நடுவில் நின்று அடிக்கிறவளுக்கு மூணு காலடி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு மாமியார் எழுதிக்கொள்வது. இங்கே சுவர்க்கடிகாரத்தைத் தவிர எல்லோரும் நலம். அங்கே நீங்களும் என் மகளும் நலமாக இருப்பீர்கள் என்றே வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

"இந்தத் தடவையும் பெஞ்சுலதான் உக்காருவான்னா வாலிபாலை நிறுத்திடுங்க" என்று நீங்கள் போனில் சொன்னதிலிருந்து பேத்தி சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கு மனசு கேட்குமா? நேரே மைதானத்துக்குப் போய் கோச்சைப் பிடித்தேன். "பாட்டிம்மா, இவ நடுவுல நின்னு அடிக்கிறவ. பந்தை எடுத்துக் கொடுக்கிற பொண்ணு கையில பந்து படுறப்பவே இவ எழும்பியிருக்கணும். மூணு அடி. முதலடி நிதானமா, கடைசி ரெண்டும் டக்டக்குன்னு விழணும். இவ கடைக்குப் போற மாதிரி வர்றா. சனிக்கிழமை டீமுக்கு ஆளெடுப்பு" என்று சொல்லி, இடது, வலது, இடது என்று நடந்தும் காட்டினார். இவ்வளவுதானே என்று வந்து, ஹாலில் சோபாவைத் தள்ளிவிட்டு, சாக்பீஸால் மூணு பாதம் வரைந்தேன். அவளுக்கு எதிரே உட்கார்ந்து வரைஞ்சேனா, என் இடது அவளுக்கு வலதா மாறிப்போச்சு. அது எனக்கும் தோணலை, அவளுக்கும் தோணலை. நான் தட்டுல கரண்டியால தட்ட, அவ குதிக்க, முதல் நாளே கடிகாரம் கீழ விழ, மூணாம் நாள் கீழ்வீட்டு டெய்லர் மேல வந்து, "அம்மா, ஊசியில நூல் கோக்க முடியலை. யானை ஏதும் கட்டியிருக்கீங்களா?"ன்னார். "யானை இல்லீங்க, பேத்தி. சனிக்கிழமை வரைக்கும் பொறுத்துக்குங்க"ன்னேன்.

சனிக்கிழமை இவ அடிச்ச பந்து தரையைத் தொட்ட பிறகுதான் எதிர்ப்பக்கத்துப் பொண்ணுங்க கையையே தூக்குனாங்க. கோச் ஓடி வந்தார். "யாரு காலை மாத்தினது?" "நான்தாங்க, தெரியாம"ன்னேன். அவர் தலையில அடிச்சுக்கிட்டார். "இடதுகைக்காரிக்கு வலது, இடது, வலதுதான்! எல்லாருக்கும் சொன்னதையே ஒரு வருஷமா இவளுக்கும் சொல்லியிருக்கேனே!"

மாப்பிள்ளை, அவள் முதல் ஆறு பேரில் ஒருத்தி. நீங்கள் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொண்டு பிள்ளையிடம் நாலு வார்த்தை நல்லதாகப் பேசுங்கள். இனிமேல் கோச் வேலையில் தலையிட மாட்டேன், ஹாலில் ஒரு கோடுகூடப் போட மாட்டேன் என்று டெய்லரிடம் சத்தியம் செய்துவிட்டேன். இருவரும் குறைவில்லாமல் இருங்கள், வேளைக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாமியார்

பின்குறிப்பு: நடுவில் அடிக்கிற பெண்கள் இன்னும் ரெண்டு பேர், "எங்களுக்கும் வரைங்க பாட்டி" என்று வந்துவிட்டார்கள். வலதுகைக்காரிகள், அதனால் இந்தத் தடவை பக்கத்தில் உட்கார்ந்தே வரைந்தேன். சத்தியம் ஹாலுக்குத்தானே? உங்கள் அறைக் கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாத்தியிருக்கிறோம், ஊருக்கு வருவதற்கு முன்னால் ஒரு போன் பண்ணிவிட்டு வாருங்கள்.