கல்குவாரியில் தொப்பித் துரை

மரியாதைக்கும் அன்புக்கும் உரிய பெரிய மச்சான் ஜெப்சன் அவர்களுக்கு,

வெள்ளக்கடையிலிருந்து உங்கள் தங்கை புருஷன் கிறிஸ்துதாஸ் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் ஜெயகுமாரியும் வாசல் மிளகுக்கொடியும் சுகம். ஓசூரில் உங்கள் முழங்கால் சுகப்பட ஜெபிக்கிறோம். இதைப் போனிலேயே சொல்லலாம். ஆனால் நான் எதைச் சொல்ல ஆரம்பித்தாலும் நீங்கள் பாதியிலேயே சிரித்துவிடுவீர்கள். நான் பெண் பார்க்க வந்த நாளிலிருந்து அப்படித்தான். ஆகவே கடிதம்.

மச்சான், எனக்கு வேலை கிடைத்துவிட்டது! எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் வேலையிலிருந்து ரிட்டையர் ஆனது முதல் உங்கள் தங்கை என்னை ஊட்டில் நிற்கவும் விடுவதில்லை, உட்காரவும் விடுவதில்லை. நம் பழைய கல்குவாரி இருக்கிறதே, வெள்ளைக்காரன் காலத்தில் சர்ச்சுக்கும் பங்களாவுக்கும் கல் வெட்டிய பாறை, வாலிபத்தில் நீங்கள் சோறு தண்ணி இல்லாமல் கிடந்த இடம், அதற்கு வேலி போட்டுப் பாரம்பரியப் பூங்காவில் சேர்த்திருக்கிறார்கள். வருகிறவர்களுக்கு விளக்கிச் சொல்ல ஒரு கைடு வேண்டுமாம். நான் என் எஸ்டேட் தொப்பியைப் போட்டுக்கொண்டு போய் நின்றேன். பூங்கா ஆபீசர் அஃப்சானா மேடம், "ஒரு வாரம் பாக்கறேனுங்க, ஒழுங்கா இருந்தா நீங்கதான் கைடு" என்றார்.

புதன்கிழமை மேலதிகாரிகள் வருவதாகத் தகவல். எஸ்டேட்டில் பெரியவர்கள் வந்தால் என்ன செய்வோம்? வழியெல்லாம் பிளீச்சிங் பவுடர், மரத்துக்கும் கல்லுக்கும் சுண்ணாம்பு, நடுவில் காவிப் பட்டை. அசையாமல் நிற்கிற எதற்கும் வெள்ளை அடிப்பதுதானே முறை? பெயிண்டர் மாதையனைக் கூட்டிப்போய்ப் பாறை முழுக்க இரண்டு தடவை அடித்து, காவிப் பட்டையும் போட்டு, கல்லைப் பிளக்க அந்தக் காலத்தில் வரிசையாக வெட்டிய குழிகளில் பாவம் அதிகாரிகள் காலை விட்டுவிடுவார்களே என்று சிமெண்டும் குழைத்துக்கொண்டிருந்தபோது மேடம் வந்துவிட்டார்.

"ஏனுங்க, என்னங்க இது?"

"பாறைங்க மேடம்."

"நூத்தம்பது வருசத்துப் பாறைங்க!"

"அதானுங்க, நொம்ப அழுக்கா இருந்துச்சு."

அந்தம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மச்சான், வேலை போச்சு, மறுபடியும் ஊடுதான், மறுபடியும் உங்கள் தங்கைதான் என்று நினைத்ததும் தேங்காய் நாரை எடுத்தேன் பாருங்கள், நானும் மாதையனும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றித் தேய்த்துத் தள்ளிவிட்டோம். அங்கேதான் ஆண்டவர் கிருபை! மேலே இருந்த சுண்ணாம்பும் காவியும் போயின, உளி போன தடத்துக்குள் புகுந்த வெள்ளை மட்டும் போகவில்லை. பாறை முழுக்கக் கோலம் போட்ட மாதிரி கோடு கோடாகத் தெரிந்தது. மூலையில், இத்தனை காலம் பாசி மூடிக் கிடந்த இடத்தில், ஒரு உருவம்! தொந்தி, ஒரு பக்கம் மடித்த தொப்பி, பின்னால் சுருட்டிய நீளமான வால்!

மேடம் சந்தோஷத்தில் குதியாய்க் குதித்துவிட்டார். "கல்லு உடைக்கறவங்க வெள்ளைக்காரத் துரையைக் கிண்டல் பண்ணி வெட்டியிருக்காங்க அண்ணா! அந்தாள் மேல எத்தனை கோபம் இருந்திருக்கணும்!" என்றார். வந்த அதிகாரிகள் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். கண்டுபிடித்தவன் என்று அந்த உருவத்தின் பக்கத்தில் தொப்பியோடு நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். ஒருவர் உருவத்தையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்து, "நீங்க துரைக்குச் சொந்தமா?" என்றுகூடக் கேட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வேலை உறுதி. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் திறப்பு விழா. முதல் வரிசையில் உங்களுக்கு நாற்காலி சொல்லி வைத்திருக்கிறேன். ஃபிட்டராக இருந்து உளி பிடித்த கை உங்களுடையது, அந்த வேலைப்பாட்டின் அருமை உங்களுக்குத்தான் தெரியும். வெட்டியவன் மகா கலைஞன், மச்சான்! அவசியம் வரவும். அக்காவுக்கு என் வந்தனம், பேரப்பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம், உங்கள் முழங்காலுக்கு மீண்டும் ஜெபம்.

இப்படிக்கு,
கைடு கிறிஸ்துதாஸ்

பின்குறிப்பு: கவரை ஒட்டும் முன் செல்போனில் அந்தப் படத்தை ஜெயகுமாரியிடம் காட்டினேன். அடுப்படியிலேயே உட்கார்ந்து கண்ணில் தண்ணி வரச் சிரிக்கிறாள். "ஏனுங்க, இது எங்கண்ணன் வெட்டினதுங்க! தொப்பி போட்டுட்டு என்னைப் பொண்ணு பாக்க வந்தீங்கல்ல, அன்னிக்குச் சாயங்காலமே உளிய எடுத்துட்டுப் போயிருச்சு" என்கிறாள். மேடத்திடம் சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் வருகிற ஜனத்துக்கெல்லாம் தினமும் என்னையே நான் விளக்க வேண்டும். என்ன ஆனாலும் சரி, ஞாயிற்றுக்கிழமை தயவுசெய்து நீங்கள் வர வேண்டாம். வந்தே தீருவேன் என்றால் சிரிக்காமல் உட்காரவும்.

தொப்பி சரி மச்சான், போட்டிருந்தேன். வால் எதுக்குங்க?