எடை குறையாத கட்டை

அன்று கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர்: எங்கள் பெரியப்பாவான வில்காரர், அவர் மனைவி, வில் போட்டிக்குப் போகவேண்டிய மகள், மரம் கொடுத்த மரவெட்டி, துணிப்பையோடு வந்து சண்டையில் மாட்டிக்கொண்ட தையல்காரர். மேசைமேல் வில்லுக்கான கட்டை நுனியிலிருந்து நடுவரை பிளந்து கிடந்தது.

"ஈர மரத்தை என் தலையில கட்டிட்டியே!" என்றார் வில்காரர்.

"வெட்டின மரம் ஈரமாத்தாங்க இருக்கும். காய வைக்கிறது உங்க வேலை," என்றார் மரவெட்டி.

எங்கள் குடும்பத்தில் காயாத மரத்தில் வில் செய்தவர் கிடையாது. இரண்டு வருடங்களுக்கு முன் வில்காரர் மெல்லக் காய்ந்து பிளக்காமலிருக்கக் கட்டையின் இரு முனைகளிலும் மெழுகு பூசி, கொட்டகை நிழலில் வைத்தார். வாரம் ஒருமுறை அதை அணைத்துக்கொண்டு எடை பார்க்கும் கருவியில் ஏறி நிற்பார். வந்ததில் தன் அறுபத்தெட்டு கிலோவைக் கழித்தால் மீதி கட்டையின் எடை. அது இறங்குவது நின்றால் மரம் காய்ந்துவிட்டது என்று பொருள். கணக்கில் எங்கள் குடும்பத்தார் தவறியதில்லை.

முதல் வருடம் எடை இறங்கியது. பிறகு ஏறத் தொடங்கியது.

"கொட்டகையில ஈரக்காத்து," என்று மாடியறைக்கு மாற்றினார். அரைக் கிலோ ஏறியது. தகரக் கூரைக்கடியில் வைத்தார். இன்னும் ஏறியது.

"மரம் ஒளிஞ்சிருந்து தண்ணி குடிக்குதோ?" என்றாள் மனைவி.

"உனக்கு மரத்தைப் பத்தி என்ன தெரியும்?"

"அப்பா, போட்டிக்கு ஒரு மாசம்தான் இருக்கு. கடையில ஒண்ணு வாங்கிக்கறேனே," என்றாள் மகள்.

"கடை வில்லா? என் பொண்ணு கையிலயா? என் மானம் என்னாகறது?"



கடைசியில், ஈரம் சீக்கிரம் வெளியேறட்டும் என்று மெழுகைச் சுரண்டிவிட்டு, கட்டையை அடுப்போரம் நிறுத்தினார். மத்தியானம் படாரென்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

இப்போது மகள் அந்தப் பிளவை விரலால் தடவினாள். "நேத்தே போட்டியிலேர்ந்து பேரை எடுத்துட்டேன்ப்பா. பரவால்ல."

அந்தப் 'பரவால்ல'வைத்தான் வில்காரரால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பார்.

"எல்லாம் இந்த மரத்தால! காயவே காயாத மரம்னு ஊரே பேசுது!"

மரவெட்டி கட்டையை விரல் முட்டியால் தட்டினார். கணீரென்றது. "எப்பவோ காய்ஞ்சிடுச்சுங்க."

"அப்ப வாராவாரம் ஏறினது என்னய்யா?"

தையல்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஊர் பேசறது தப்புங்க. மரத்தோட எடை ஏறல. உங்க பேன்ட்டை நான் இடுப்புல பிரிச்சு விடறது இது நாலாவது தடவை."